ஒரே உயரம், வேறு நுரையீரல்: இளம் வயது மூச்சளவுகளில் ஆண்–பெண் வேறுபாடு

22 வயது, 170 செ.மீ. உயரம், புகைப்பழக்கம் இல்லை, நோய் எதுவும் இல்லை. இதே விவரங்களோடு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மூச்சளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் தரவிலிருந்து 1999இல் வெளியான சமன்பாடுகளில், வெள்ளை இனத்தவருக்கானவற்றைப் போட்டுப் பார்த்தால், மூச்சை முழுவதும் இழுத்து முழுவதும் ஊதும்போது ஆணிடம் எதிர்பார்க்கப்படும் காற்று 5.08 லிட்டர். பெண்ணிடம் 4.15 லிட்டர். முதல் ஒரு நொடியில் மட்டும் வெளிவர வேண்டியது ஆணுக்கு 4.26 லிட்டர், பெண்ணுக்கு 3.58 லிட்டர். உயரமும் வயதும் ஒன்றாக இருந்தும் பெண்ணின் மொத்த அளவு 18 சதவீதம் குறைகிறது.

வேறு மக்கள் கூட்டங்களில் இந்த லிட்டர் கணக்குகள் மாறும்; தெற்காசியர்களுக்கு அதே உயரத்தில் 10 சதவீதத்துக்கும் மேல் குறைவாகவே வருவது வழக்கம். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

இந்த இடைவெளியைக் கண்டதும் ‘பெண்களின் நுரையீரல் பலவீனமானது’ என்று முடிவு கட்டுவோர் உண்டு. மாணவர்களை அளந்து எழுதப்படும் ஆய்வேடுகளில் பலவும் ‘ஆண்களின் நுரையீரல் செயல்திறன் பெண்களைவிடக் கணிசமாக அதிகம்’ என்ற வரியோடு நின்றுவிடுகின்றன. அந்த வரியில் பிழை இல்லை, பயனும் இல்லை. உயரத்தால் வந்தது எவ்வளவு, மார்புக்கூட்டின் அமைப்பால் வந்தது எவ்வளவு, வாழும் முறையால் வந்தது எவ்வளவு என்று பிரித்தால்தான் எதைக் கண்டு கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெரியும்.

அளப்பது எதை

ஸ்பைரோமெட்ரியில் முக்கியமானவை மூன்று எண்கள். முழுமூச்சு இழுத்து, பலங்கொண்ட மட்டும் ஊதி, நுரையீரலைக் காலிசெய்யும்போது வெளிவரும் மொத்தக் காற்று எஃப்.வி.சி. அதில் முதல் நொடியில் வெளிவருவது எஃப்.இ.வி.1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது விகிதம். மொத்தம் குறைந்தால் நுரையீரல் சிறியது, அல்லது விரியவில்லை. விகிதம் குறைந்தால் காற்று போகும் வழியில் அடைப்பு. பீக் ஃப்ளோ என்பது ஊதலின் உச்ச வேகம். மேலே சொன்ன 170 செ.மீ. இணைக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 570 லிட்டர், 440 லிட்டர்.

எவ்வளவு ஊதினாலும் நுரையீரலுக்குள் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் காற்று தங்கிவிடும். அது ஸ்பைரோமீட்டருக்குத் தெரியாது. அதையும் சேர்த்த மொத்தக் கொள்ளளவு, பாடநூல்கள் தரும் சராசரிப்படி, ஆணுக்கு 6 லிட்டரை ஒட்டியும் பெண்ணுக்கு 4.2 லிட்டரை ஒட்டியும் இருக்கும்.

இந்த அளவீட்டைப் பரவலாக்கியவர் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன். 2,000க்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் ஆண்களை, ஊதவைத்து 1846இல் முடிவுகளை வெளியிட்டார். உயரம் ஓர் அங்குலம் கூடினால் கொள்ளளவு 8 கன அங்குலம் கூடுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இன்றைய அலகில் ஒரு செ.மீ.க்குச் சுமார் 52 மி.லி. நீர் நிரம்பிய தொட்டியும் கவிழ்த்த உருளையும் கொண்டு எடுத்த அந்த எண், இன்றைய சமன்பாடுகள் தரும் 60 மி.லி. சொச்சத்துக்கு வியக்கத்தக்க அளவில் அருகில் நிற்கிறது.

உயரம் போக மிச்சம் என்ன

சாலையில் எதிர்ப்படும் சராசரி ஆணும் பெண்ணும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. 175 செ.மீ. ஆண், 162 செ.மீ. பெண், இருவருக்கும் 22 வயது என்று கொண்டால், அதே சமன்பாடுகள் தரும் எஃப்.வி.சி. 5.40 லிட்டரும் 3.76 லிட்டரும். வித்தியாசம் 1.64 லிட்டர். அந்தப் பெண்ணை 175 செ.மீ.க்கு உயர்த்திக் கணக்கிட்டால் 4.41 லிட்டர் வருகிறது. ஆக, 1.64இல் 0.65 லிட்டர் உயரத்தின் கணக்கு, மிச்சம் 0.99 லிட்டர் உடலமைப்பின் கணக்கு. உயரத்துக்கு 40, அமைப்புக்கு 60 என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அமைப்பு என்பதில் முதலில் வருவது மார்புக்கூடு. ஒரே உயரமுள்ள ஆணைவிடப் பெண்ணின் மார்புக்கூடு சிறியது, விலா எலும்புகள் சற்று அதிகமாகக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும், உதரவிதானம் குட்டை. இந்தச் சரிவில் ஓர் அனுகூலமும் உண்டு. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகள் மேலெழ அதிக இடம் கிடைப்பதால், பெண்களில் விலாத் தசைகளின் பங்கு கூடுதல். கர்ப்ப காலத்தில் வயிறு மேலே தள்ளினாலும் மூச்சு தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது காற்று நுண்ணறைகள். 2004இல் ஆறு மனித நுரையீரல்களை நுட்பமாக எண்ணிப் பார்த்ததில் சராசரி 48 கோடி நுண்ணறைகள் இருந்தன. குறைந்தது 27 கோடி, அதிகபட்சம் 79 கோடி. நுரையீரல் பெரிதானால் நுண்ணறையின் எண்ணிக்கை கூடுகிறதே தவிர ஒவ்வொன்றும் பெரிதாவதில்லை. சிறிய நுரையீரல் சுருங்கிய நுரையீரல் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று: அலகு அதே அளவு, எண்ணிக்கைதான் குறைவு. வாயுப் பரிமாற்றச் சோதனையில் பெண்களின் எண் குறைந்து வருவதன் பெரும்பகுதியும் இதனால்தான்.

மூன்றாவது தசை. 20 முதல் 54 வயது வரையானோரை அளந்து 1969இல் வெளியான, இன்றும் எடுத்தாளப்படும் அளவீட்டில், மூச்சிழுக்கும் உச்ச அழுத்தம் ஆண்களுக்கு 124 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம், பெண்களுக்கு 87. ஊதும் அழுத்தம் 233, 152. மொத்தக் காற்றைவிட உச்ச வேகத்தை, அதாவது பீக் ஃப்ளோவை, இது அதிகம் பாதிக்கும். இருந்தாலும் பெண்களின் உதரவிதானம் எளிதில் களைப்பதில்லை. கடும் உழைப்புக்குப் பின் அதன் வலு ஆண்களின் அளவுக்குக் குறைவதில்லை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

பருவ வயதில் இடம் மாறும் ஆட்டம்

வேறுபாடு பிறக்கும் முன்பே தொடங்குகிறது, அதுவும் பெண்ணுக்குச் சாதகமாக. நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் பெண் கருவில் சற்று முன்னதாகச் சுரக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் நோய் அதிகம் வர இது ஒரு காரணம். சிறு வயதில் பையன்களின் நுரையீரல் பெரியது. ஆனால் நுரையீரல் அளவோடு ஒப்பிட்டால் சிறுமிகளின் காற்றுவழிகள் தாராளமானவை. குழந்தைப் பருவ ஆஸ்துமா பையன்களிடம் அதிகம் காணப்படுவதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பருவ வயதில் ஆட்டம் திரும்புகிறது. பெண்களின் நுரையீரல் வளர்ச்சி பெரும்பாலும் 16 முதல் 18 வயதுக்குள் நின்றுவிடும். ஆண்களுக்கு 20ஐத் தாண்டியும் கொஞ்சம் நடக்கிறது. பையன்களுக்கு முதலில் கால் நீண்டு, பிறகு மார்பு விரியும். அதனால் திடுதிப்பென்று வளர்ந்த 15 வயதுப் பையனின் மூச்சளவு அவன் உயரத்துக்குக் குறைவாகத் தெரியலாம். அது நோயாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு கழித்து அளந்தால் சரியாகியிருக்கும்.

இதே காலத்தில் ஆஸ்துமாவும் பக்கம் மாறுகிறது. பருவ வயதுக்குப் பின் அது பெண்களிடமே அதிகம். ஒரு பகுதிப் பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் இளைப்பு கூடும். இதைச் சந்தேகிப்பவர் காலை, மாலை பீக் ஃப்ளோ எண்ணையும் மாதவிடாய்த் தேதியையும் ஒரே தாளில் இரண்டு மூன்று சுழற்சிகளுக்குக் குறித்துவைத்தால் போதும். பாங்கு தானே தெரியும். சுழற்சியின் பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சைத் தூண்டுவதால் ஓய்வில்கூட மூச்சு சற்று ஆழமாக ஓடும். அது ஆஸ்துமா அல்ல, மருந்தும் வேண்டாம்.

ஆண்களின் பக்கத்துக்கு வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. உயரமும் ஒல்லியுமான இளைஞருக்கு, அடி எதுவும் படாமலே, நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கும் நியூமோதோராக்ஸ் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. புகைத்தால் இன்னும் கூடும். ஒரு பக்க மார்பில் திடீர்க் குத்தலும் மூச்சுவாங்கலும் சேர்ந்து வந்தால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

குழாயின் விட்டம்

உண்மையில் பெண்களுக்குப் பாதகமான அமைப்பு, பலரும் சுட்டும் மொத்தக் கொள்ளளவில் இல்லை. காற்றுவழியின் விட்டத்தில் இருக்கிறது.

நுரையீரலின் அளவும் காற்றுவழியின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தி வளர்வதில்லை என்பதை 1970களில் ஜெரி மீட் என்ற உடலியல் அறிஞர் கவனித்து, அதற்கு ‘டிஸ்அனாப்சிஸ்’ என்று பெயரிட்டார். ஆண்களின் காற்றுவழிகள் விட்டத்தில் பெண்களுடையதைவிடச் சுமார் 17 சதவீதம் பெரியவை என்று 1980இல் அவர் மதிப்பிட்டார். பின்னாளில் சி.டி. படங்களைக் கொண்டு, ஒரே அளவு நுரையீரல் உள்ள ஆணையும் பெண்ணையும் தேடிப்பிடித்து ஒப்பிட்டபோதும் பெண்ணின் பெரிய காற்றுவழிகள் குறுகலாகவே இருந்தன. குறுக்குப் பரப்பில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவு.

17 சதவீதம் சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் சீரான ஓட்டத்தில் குழாயின் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 1.17ஐ நான்கு முறை பெருக்கினால் 1.87. அதாவது அதே காற்றை அதே வேகத்தில் செலுத்தக் கிட்டத்தட்ட இருமடங்கு அழுத்தம் வேண்டும். வேகம் கூடி ஓட்டம் சுழலத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம்.

ஓய்வில் இது தெரியாது. நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றுக்கு எந்தக் குழாயும் போதும். நிமிடத்துக்கு 50, 60 லிட்டரைத் தாண்டும்போதுதான் பெண்ணின் மூச்சு வேலை செங்குத்தாக ஏறுகிறது. உச்ச உழைப்பில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் மூச்சுத் தசைகளே தின்பது, ஓர் ஆய்வக அளவீட்டின்படி, ஆண்களில் 9 சதவீதத்தை ஒட்டியும் பெண்களில் 14 சதவீதத்தை ஒட்டியும் இருந்தது. ஓடும் கால்களுக்குப் போக வேண்டியது மார்பிலேயே செலவாகிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற வீராங்கனைகளில் சிலருக்குக் கடும் ஓட்டத்தில் ரத்த ஆக்சிஜன் அளவே இறங்குவதில் இதற்கும் பங்குண்டு. ஆக, சாதாரணமாக நடமாடும் பெண்ணைவிட, உச்ச வரம்பில் ஓடும் பெண்ணுக்கே இந்த அமைப்பு தடையாகிறது.

குழாய் குறுகல் என்றால் எஃப்.இ.வி.1 விகிதம் குறைய வேண்டுமே என்ற கேள்வி எழும். இளம் பெண்களின் விகிதமோ அதிகம்: 22 வயதில் எதிர்பார்க்கப்படுவது பெண்ணுக்கு 86 சதவீதம், ஆணுக்கு 83.5. விகிதம் ஓர் ஒப்பீட்டு எண். விட்டத்தை அது நேராக அளப்பதில்லை. சிறிய பையைக் குறுகிய வாய் வழியாகவும் ஒரே அமுக்கில் பெரும்பாலும் காலிசெய்துவிடலாம். வாய் எவ்வளவு குறுகல் என்பது பையின் அளவும் தெரிந்தால்தான் பிடிபடும்.

சோதனை எங்கே பிசகுகிறது

நல்ல கருவி, நல்ல சமன்பாடு எல்லாம் இருந்தும் அறிக்கை தவறாக வருவதுண்டு. பெரும்பாலும் காரணம் தட்டச்சு செய்யும் இடத்தில் இருக்கும்.

பால் என்ற கட்டத்தை மாற்றி நிரப்பினால் என்ன ஆகும்? 170 செ.மீ., 22 வயதுப் பெண் 4.1 லிட்டர் ஊதுகிறார். சரியாகப் பதிந்தால் எதிர்பார்ப்பில் 99 சதவீதம். தவறி ‘ஆண்’ என்று பதிந்தால் 81 சதவீதம்; அதே அமெரிக்கச் சமன்பாட்டில் ஆணுக்கான கீழ் எல்லை 4.23 லிட்டர் என்பதால் ‘நுரையீரல் விரிவு குறைந்துள்ளது’ என்று அச்சாகும். தலைகீழாக நடந்தால் ஆபத்து அதிகம்: உண்மையிலேயே நுரையீரல் சுருங்கிய ஆணுக்கு ‘இயல்பு’ என்று வந்துவிடும். சமன்பாடுகள் கேட்பது பிறப்பில் பதிந்த பால். பருவ வயதிலேயே மார்புக்கூட்டின் அளவு தீர்மானமாகிவிடுவதே காரணம். 2019இன் அமெரிக்க–ஐரோப்பிய வழிகாட்டி, அதோடு பாலின அடையாளத்தையும் தனியே குறிக்க இடம் தருகிறது. திருநர்களின் அறிக்கையை இரண்டு அளவுகோலிலும் பார்த்துவிட்டு முடிவு சொல்வது நல்லது. மார்பை இறுக்கும் உடை அணிந்திருந்தால் தளர்த்திவிட்டு ஊத வேண்டும். இது எல்லோருக்கும் பொருந்தும்.

உயரத்தைக் கேட்டுப் பதிவது இன்னொரு தொல்லை. இளைஞர்கள் தங்கள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். 175 என்று சொன்னவர் உண்மையில் 170 என்றால், எதிர்பார்ப்பு 0.32 லிட்டர் ஏறிவிடும். அவருடைய சதவீதம் ஆறு புள்ளி இறங்கும். செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரை ஒட்ட நிற்கவைத்து, சோதனை நாளன்றே அளக்க வேண்டும்.

ஊதும் முறை: நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் படிய, மூக்கில் கிளிப் போட்டு, உதடுகள் ஊதுகுழலைக் கசிவின்றிக் கவ்வ வேண்டும். முழுமூச்சு இழுத்ததும் 2 நொடிக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது. தொடக்கம் வெடிப்பாக இருக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கினால், வெடிப்புக்கு முன்பே கசிந்த காற்று (வரைகோட்டைப் பின்னோக்கி நீட்டிக் கணக்கிடுவது) எஃப்.வி.சி.யில் 5 சதவீதம் அல்லது 100 மி.லி., இரண்டில் எது பெரிதோ அதைத் தாண்டி, அந்த ஊதல் செல்லாது. முடிவு என்பது ஒரு நொடி முழுதும் 25 மி.லி.க்கு மேல் காற்று வராத நிலை, அல்லது 15 நொடி. ஒழுங்கான ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் பெரிய இரண்டும் 150 மி.லி.க்குள் ஒத்துப்போக வேண்டும். எட்டு முயற்சிக்குமேல் பெரியவர்களுக்குப் பயன் இருக்காது, தலைசுற்றல்தான் மிச்சம். சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து புகையும் கடும் உடற்பயிற்சியும் கூடாது.

இளம் பெண்கள் பலர் சிறிய நுரையீரலை இரண்டு மூன்று நொடியில் காலிசெய்துவிடுவார்கள். ‘ஆறு நொடி ஊதவில்லை’ என்று பழைய விதியைக் காட்டி அதைத் தள்ளுவது தவறு. வரைகோடு தட்டையாகிவிட்டதா என்பதே கேள்வி.

இனி, எண்களைப் படிப்பது. விகிதம் 70க்குக் கீழே போனால்தான் அடைப்பு என்ற விதி வயதானவர்களின் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை (சிஓபிடி) மனத்தில் வைத்து எழுந்தது. 22 வயதில் இயல்பின் கீழ் எல்லை ஆணுக்குச் சுமார் 74, பெண்ணுக்குச் சுமார் 76. விகிதம் 73 உள்ள இளம் பெண் 70 விதியில் தேறிவிடுவார். அவருடைய ஆஸ்துமா பதிவாகாமலே போய்விடும். இளையோரிடம், அதிலும் பெண்களிடம், இந்த ஒரு விதியால் நடக்கும் தவறு மற்றெல்லாவற்றையும்விடப் பெரிது என்பது எங்கள் கருத்து. ‘80 சதவீதத்துக்கு மேல் இயல்பு’ என்பதும் இதே வகைக் குறுக்குவழி. 74,000க்கும் மேற்பட்ட ஆரோக்கியமானவர்களின் தரவில் எழுந்த 2012ஆம் ஆண்டு உலகளாவிய சமன்பாடுகள் வந்தபின், சராசரியிலிருந்து எத்தனை விலக்க அலகு தள்ளி என்று சொல்லும் இசட் மதிப்பைப் பார்ப்பதே முறை. மைனஸ் 1.645 எல்லை, மைனஸ் 2.5 வரை லேசான குறை, மைனஸ் 4 வரை நடுத்தரம், அதற்கும் கீழே கடுமை.

மருந்து கொடுத்து மறுபடி ஊதவைக்கும் சோதனையிலும் பால் சார்ந்த ஓர் ஓரவஞ்சனை நெடுநாள் இருந்தது. காற்றுவழியை விரிக்கும் சால்ப்யூடமால் மருந்தை 400 மைக்ரோகிராம் இழுத்து 15 நிமிடம் கழித்து, 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் மருந்துக்குப் பலன் என்பது பழைய விதி. 200 மி.லி. என்பது 4.5 லிட்டர்க்காரருக்குத் தூசு, நோயால் ஒன்றரை லிட்டருக்கு இறங்கிய சிறிய உடல்வாகுப் பெண்ணுக்கு மலை. 2021இன் அமெரிக்க–ஐரோப்பிய வழிகாட்டி விதியை மாற்றி, எதிர்பார்ப்பு அளவில் 10 சதவீதத்துக்கு மேல் உயர வேண்டும் என்றது. எல்லை இப்போது அவரவர் உடலளவைப் பொறுத்தது. நம் 175 செ.மீ. ஆணுக்கு அது 450 மி.லி., 162 செ.மீ. பெண்ணுக்கு 330 மி.லி.

காற்றிலிருந்து தசைக்கு

மூச்சளவு எவ்வளவு என்பதை வைத்து ஒருவரின் உடல்தகுதியைச் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவரிடம் ஓட்டத்தை நிறுத்துவது பொதுவாக நுரையீரல் அல்ல, இதயமும் ரத்தமும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கிறது. 15 கிராம் உள்ள ஆணின் 100 மி.லி. ரத்தம் 20.1 மி.லி. ஆக்சிஜனை ஏந்தும், 13.5 கிராம் உள்ள பெண்ணினுடையது 18.1, ரத்தசோகையில் 10.5க்கு இறங்கியவருடையது 14.1. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 15–49 வயதுப் பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. எல்லை: கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியுள்ளது என்று மட்டுமே சொல்லும். 8 கிராம் உள்ளவருக்கும் அது 98 காட்டும். ஸ்பைரோமெட்ரியும் சரி, ஆக்சிமீட்டரும் சரி, இருந்தும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் இளம் பெண்ணுக்கு ‘பதற்றம்’ என்று எழுதும் முன் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும்.

கடும் ஓட்டத்தில் மட்டும் மூச்சு அடைத்தால் இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். ஆஸ்துமா இளைப்பு, ஓட்டத்தை நிறுத்திய 5–10 நிமிடத்தில் உச்சம் தொடும்; மூச்சை விடும்போது விசில் கேட்கும். குரல்வளை தற்காலிகமாகக் குறுகுவதென்றால் ஓட்டத்தின் உச்சத்திலேயே, மூச்சை இழுக்கும்போது சத்தம் வரும். நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கிவிடும். இது இளம் பெண்களிடம் அதிகம். இன்ஹேலரை மாற்றிக்கொண்டே இருந்தாலும் இது குறையாது.

உடல்தகுதியின் பொது அளவுகோல் அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு. பயிற்சியில்லாத 20களில், கிலோவுக்கு நிமிடத்துக்கு ஆணுக்கு 45 மி.லி., பெண்ணுக்கு 36 மி.லி. என்பது வழக்கமாகக் காணும் எண். 20 சதவீத இடைவெளி. இதைக் கொழுப்பு நீங்கிய எடைக்கு மாற்றிப் பார்க்கலாம். 65 கிலோ ஆணுக்குக் கொழுப்பு 16 சதவீதம், 55 கிலோ பெண்ணுக்கு 28 சதவீதம் என்று கொண்டால், எண்கள் 54ம் 50ம் ஆகின்றன. இடைவெளி 7 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அந்த மிச்சத்தை ஹீமோகுளோபினும் இதயத்தின் அளவும் பெருமளவு விளக்கிவிடும்.

தசை வலுவில் இடைவெளி பெரிது, ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. மேலுடலில் பெண்ணின் வலு ஆணின் 50–60 சதவீதம், கால்களில் 60–75. பிரிட்டிஷ் தரவில் கைப்பிடி வலுவின் உச்சம், முப்பதை ஒட்டிய வயதுகளில், ஆணுக்கு 51 கிலோ, பெண்ணுக்கு 31 கிலோ. பாதி வலுவில் நெடுநேரம் பிடித்திருக்கச் சொன்னால் பெண்களே அதிகம் தாக்குப்பிடிப்பார்கள்.

வாழ்முறை சேர்க்கும் பங்கு

உயரத்தையும் மார்புக்கூட்டையும் மாற்ற முடியாது. புகை, உடலுழைப்பு, இடுப்புச் சுற்று ஆகியவற்றில் நிலைமை வேறு. உலகெங்கும் ஆண்களே அதிகம் புகைக்கிறார்கள். அதே புகை வளரும் பெண்ணின் நுரையீரலைக் கூடுதலாகத் தாக்குகிறது என்பதற்குச் சான்று உண்டு. 10 முதல் 18 வயது வரையான சுமார் 10,000 பேரைத் தொடர்ந்து 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஐந்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்த பெண்களின் எஃப்.இ.வி.1 வளர்ச்சி, புகைக்காதவரைவிட ஆண்டுக்கு 1.09 சதவீதம் குறைந்தது, பையன்களில் 0.20 சதவீதம்தான். குறுகிய குழாயும் சீக்கிரம் முடியும் வளர்ச்சிக் காலமும் சேர்ந்து நெருக்குகின்றன.

விறகு, கரி, மண்ணெண்ணெயில் சமைக்கும் வீடுகளில் 200 கோடிக்கும் மேற்பட்டோர் இன்னும் வாழ்கிறார்கள். அந்தப் புகையில் அதிக நேரம் நிற்பது பெண்கள். ஸ்பைரோமெட்ரி எடுக்கும்போது ‘புகைப்பீர்களா’ என்று கேட்டுவிட்டு ‘எதில் சமைக்கிறீர்கள்’ என்று கேட்காமல் விட்டால் பாதி வரலாறு போய்விடும்.

உடலியக்கத்திலும் பெண்கள் பின்தங்கியிருக்கிறார்கள். வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு என்ற அளவை எட்டாதவர்கள், 2022 கணக்கில், பெண்களில் 34 சதவீதம், ஆண்களில் 29 சதவீதம். வயிற்றுக் கொழுப்பில் ஆண்கள் முந்திக்கொள்கிறார்கள். அது உதரவிதானத்தை மேலே தள்ளி, மூச்சு விட்டபின் மிச்சமிருக்கும் காற்றிருப்பை வெகுவாகக் குறைக்கும். எஃப்.வி.சி.யும் கொஞ்சம் இறங்கும். விகிதம் மட்டும் இயல்பாகவே இருக்கும்.

ஓடினால் நுரையீரல் பெரிதாகுமா என்று கேட்பார்கள். வளர்ந்தவருக்குப் பெரிதாக ஆகாது. சில மாத ஒழுங்கான பயிற்சியில் ஆக்சிஜன் நுகர்வு 15–20 சதவீதம் கூடலாம், எஃப்.வி.சி. கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். மூச்சுத்தசைப் பயிற்சிக் கருவிகள் இழுக்கும் அழுத்தத்தைக் கூட்டும், கொள்ளளவை அல்ல. சிறுவயதிலிருந்து நீந்துவோரின் நுரையீரல் பெரிதாக இருப்பது உண்மை. அதில் வளரும் வயதுப் பயிற்சிக்கும், பெரிய மார்புள்ளவர்களே நீச்சலில் நிலைத்து நிற்பதற்கும் பங்கு உண்டு.

இருபதுகளில் எடுத்த எண்

மூச்சளவு 20–25 வயதில் உச்சம் தொட்டு, சில ஆண்டு நின்று, பிறகு ஆண்டுக்கு 25–30 மி.லி. வீதம் இறங்கும். உச்சமே தாழ்வாக இருந்தால் இயல்பான இறக்கம்கூட நோயில் கொண்டுபோய் விடும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், 40 வயதுக்கு முன் எஃப்.இ.வி.1 எதிர்பார்ப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் 26 சதவீதத்தினர், சுமார் 22 ஆண்டுத் தொடர்கணிப்பில், சிஓபிடி நோயாளிகள் ஆனார்கள்; மேலே இருந்தவர்களில் 7 சதவீதம்.

அதனால் குறைமாதப் பிறப்பு, சிறுவயது ஆஸ்துமா, புகைச் சூழல் என்று ஏதாவது ஒன்று உள்ளவர்கள் 25 வயதுக்குள் ஒருமுறை ஊதி, லிட்டர் கணக்கோடும் வரைகோட்டோடும் அறிக்கையை வைத்துக்கொள்வது நல்லது. சதவீதம் மட்டும் உள்ள தாள் பிற்பாடு உதவாது. சமன்பாடு மாறினால் சதவீதமும் மாறிவிடும். அடுத்தடுத்த ஆண்டு ஒப்பிடும்போது 15 சதவீதத்துக்குக் குறைவான மாற்றத்தைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை; அது ஊதும் வேறுபாடாகவே இருக்கலாம்.

நீண்டகால ஒப்பீட்டுக்கு 2021 வழிகாட்டி எளிய கணக்கு ஒன்றைத் தருகிறது. எஃப்.இ.வி.1ஐப் பெண் 0.4ஆலும் ஆண் 0.5ஆலும் வகுக்க வேண்டும். அந்த வகுஎண், நுரையீரல் நோயுள்ள பெரியவர்களில் அந்தந்தப் பாலில் மிகத் தாழ்ந்த ஒரு சதவீதத்தினரிடம் காணப்படும் அளவு. 162 செ.மீ. பெண்ணின் 3.28 லிட்டர் 8.2 ஆகிறது, 175 செ.மீ. ஆணின் 4.50 லிட்டர் 9 ஆகிறது. லிட்டரில் 27 சதவீதமாக இருந்த இடைவெளி இங்கே 9 சதவீதம்தான். சாதாரணமாக 18 ஆண்டுக்கு ஓர் எண் குறையும். புகைப்பவருக்குப் பத்து ஆண்டிலேயே ஓர் எண் போய்விடும்.